இரைப்பையின் அகநோக்கும் நோயாளர் அறிவும்

நம் நாட்டில் நோயாளராயினார், மருத்துவர் தந்ததை உண்டு, படு என்றவிடத்துப் படுத்து, எழு என்றவழி எழுதலையே தம் கடமையென்று நெடுங்காலமாக எண்ணி வந்துள்ளனர். தமக்குச் செய்யப்படவிருப்பது யாதென வினவுதல், மருத்துவரை ஐயுறுதலாக முடியுமோ என்று அஞ்சுவோரும் உளர். இவ்வழக்கம் எல்லா நோய்க்கும் பொதுவேயாயினும், இரைப்பையை உள்நின்று நோக்கும் சோதனையொன்றில் அதனால் விளையும் தீங்கு தெளிவாகப் புலனாகின்றது. மருத்துவர் 'எண்டாஸ்கோப்பி' என்றும், பொதுமக்கள் 'குழாய் விட்டுப் பார்ப்பது' என்றும் வழங்கும் அச்சோதனையைப்பற்றி நோயாளர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்; அவ்வறிவை அவர்தம் தாய்மொழியில், சோதனைக் கட்டிலை அடையுமுன்னரே தருதல் ஆஸ்பத்திரிகளின் கடமையாகும். இதுவே யாம் ஈண்டு எடுத்துரைக்கக் கருதியது.

எண்டாஸ்கோப்பி என்னும் சொல் கிரேக்க மொழியினின்றும் ஆக்கப்பட்டது. 'உள்' எனவும் 'நோக்குதல்' எனவும் பொருள்படும் இரு சொற்கள் அதன்கண் இணைந்துள்ளன. ஆதலின் அகநோக்கு என்று தமிழில் வழங்குதல் சொல்லுக்குச் சொல் பொருந்துவதாம். அகமும் புறமும் பாடமாகப் பயிலும் எமக்கு இச்சொல்லின்கண் சிறிது நகை தோன்றாமலில்லை. தொல்காப்பியனார் கூறிய அகம் வேறு, ஈண்டுக் கூறப்படும் அகம் வேறு. உணவுக்குழல், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கமாகிய முன்சிறுகுடல் என்னும் மூன்றையுமே இவ்வகநோக்கு காட்டவல்லது. வளர்ந்தோர் உடலில் உணவுக்குழல் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுடையது. முன்பற்களினின்றும் இரைப்பையின் வாயிலை அடையச் சுமார் 40 சென்டிமீட்டர் செல்லவேண்டும். ஈரல், பித்தப்பை, கணையம், குடல்வால் ஆகியன இக்குழாயின் பார்வைக்கு அப்பாற்பட்டன. பித்தக்கல் உண்டோ என அறிய வேண்டின், வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் சோதனையே அதற்கு ஏற்றது. 'குழாய் விட்டுப் பார்த்தாயிற்று, வயிற்றில் ஒன்றுமில்லை' என்று ஆறுதலடைவோர் இவ்வரையறையை நினைவிற்கொள்ளுதல் நலம்.

இனி, இச்சோதனையைக் குறித்து மக்கள் கொண்டுள்ள அச்சம் வெறும் பேதைமையன்று. அதன் பழைய வரலாறு அச்சந் தருவதேயாம். 1868ஆம் ஆண்டில், இன்றைய ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த ஃப்ரைபர்க் நகரில், அடால்ஃப் குஸ்மால் என்னும் மருத்துவர் வளையாத குழாயொன்றை மனிதர் இரைப்பையுட் செலுத்திப் பார்க்க முயன்றார். அதற்கு இசைந்த ஆளாக அவர் தேர்ந்தெடுத்தது வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனையே! வாளை விழுங்கிப் பழகிய தொண்டையன்றிப் பிறர் தொண்டை அதனைத் தாங்குமென்று அவர் நம்பவில்லை போலும். அத்துணை இடர்ப்பட்டும், வெளிச்சம் போதாமையால் அவர் கண்டது சிறிதே. 1932ஆம் ஆண்டில் ருடால்ஃப் ஷிண்ட்லர் என்பார், கருவி செய்வதில் வல்லவராகிய கியார்க் உல்ஃப் என்பாருடன் கூடி, ஓரளவு வளையும் குழாயொன்றை ஆக்கினார். எனினும், முற்றும் வளைந்து கொடுக்குங் குழாய் வேண்டுமாயின், ஒளியும் உடன் வளைந்து வருதல் வேண்டுமன்றோ? அதற்குரிய வழியை 1954ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து வெளியிட்டவர் இருவர். ஒருவர் ஹெரால்ட் ஹாப்கின்ஸ். மற்றவர் பஞ்சாபில் மோகா என்னும் ஊரிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி. மயிரினும் மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டினால், அக்கற்றை வளைந்தபோதும் ஒரு முனையிற் கண்ட உருவத்தை மறுமுனைக்குக் கொண்டுசெல்லும் என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர். அவ்விழைகளைக்கொண்டு, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்பார் வளையும் அகநோக்கியொன்றை ஆக்கி, 1957ஆம் ஆண்டில் அதனை முதலிற் தம் தொண்டையிலேயே செலுத்திக்கொண்டார்; அதன் பின்னரே நோயாளர்பாற் கொண்டுசென்றார். பிறர் படவிருப்பதைத் தாம் முன்னர்ப் பட்டறிந்த அச்செயலை, அவர்தம் கருவியினும் பெரிதாக யாம் மதிக்கின்றோம்.

இக்காலத்து அகநோக்கி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமும், சுண்டுவிரலின் பருமனும் உடையது. அதன் நுனியில் விளக்கும் நுண்ணிய கேமராவும் பொருத்தப்பட்டுள்ளன. உள்ளே காண்பது எதிரேயுள்ள திரையில் பெரிதாகத் தோன்றும். வாள் விழுங்குவோனை நாடவேண்டிய காலம் கழிந்து ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று; ஆனால் அவ்வச்சம் மட்டும் கழியவில்லை.

இக்கருவியால் விளைந்த நன்மையை அறிய நாம் அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. அந்நாளில் தென்திருவிதாங்கூரைச் சேர்ந்ததும், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமாகிய நெய்யூரில், ஹோவர்ட் சாமர்வெல் என்னும் ஆங்கிலேய மருத்துவர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல்லாண்டுகள் ரணசிகிச்சை செய்துவந்தார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரத்தின்மேல் ஏற முயன்ற குழுக்களில் ஒருவராகப் புகழ்பெற்றவர் அவர். அப்பகுதி மக்களிடையே முன்சிறுகுடற் புண் மலிந்து கிடந்ததைக் கண்டு, மிகப் பலருக்கு வயிற்றைத் திறந்து சிகிச்சை செய்தார். அக்காலத்து வேறு வழி அரிது. உணவின் காரமும் மனத்தின் கவலையுமே இப்புண்ணை விளைவிப்பன என்று உலகெங்கும் நெடுங்காலம் கருதப்பட்டது. 1982ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர், அகநோக்கியால் எடுத்த தசைத்துணுக்குகளினின்றும் ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்தனர். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் இக்காலப் பெயர். உலகம் நம்ப மறுக்கவே, மார்ஷல் 1984ஆம் ஆண்டில் அக்கிருமி கலந்த நீரைத் தாமே பருகி, தம் இரைப்பை அழற்சியுற்றதை அகநோக்கியாற் காட்டினார். 2005ஆம் ஆண்டில் இருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. அன்று நெய்யூரிற் கத்தியை வேண்டி நின்ற புண்களுட் பல, இன்று இரண்டு வாரம் உட்கொள்ளும் மாத்திரைகளால் ஆறுகின்றன. வலிநீக்கும் மாத்திரைகளை ஓயாது உண்பதாலும் இரைப்பையிற் புண் தோன்றும். முழங்கால் வலிக்கெனக் கடையில் தாமே வாங்கி உண்ணும் முதியோர் இதனைச் சிறப்பாக அறிதல் வேண்டும்.

நிற்க. சோதனை நடைபெறும் முறையைச் சற்று விரித்துரைப்போம். அச்சம் பிறப்பதும் இங்கே, அது தீர்வதும் இங்கேயாதலின்.

இரைப்பை வெறுமையாயிருந்தாலன்றி உள்ளே ஒன்றும் தெரியாது. அன்றியும், உணவு மேலெழுந்து மூச்சுக்குழலிற் புகுதலும் கூடும். ஆகவே குறைந்தது 6 மணி நேரம் உணவின்றி இருத்தல் வேண்டும். காலையில் நடைபெறுஞ் சோதனைக்கு முதல்நாள் இரவுணவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது இதனாலேதான். 'பால் மட்டுந்தானே, காப்பி மட்டுந்தானே' என்று கருதுவோர் பலர். பால் உணவேயாகும். தெளிந்த நீரைச் சோதனைக்கு 2 மணி நேரம் முன்வரை சிறிது பருகலாமென்பது பொது விதி. எனினும் தத்தம் மருத்துவர் சொல்வதையே கொள்க. வெற்றிலை பாக்கும் புகையும் அன்று காலை ஆகா. கழற்றக்கூடிய கட்டுப்பல்லைக் கழற்றிவிடல் வேண்டும். ஆடும் பல் இருப்பின் முன்னரே சொல்லுதல் வேண்டும்.

நோயாளர் தொண்டையில் மரத்துப்போகும் மருந்தொன்றைத் தெளிப்பர். அது கசக்கும், தொண்டை தடித்து வீங்கியதுபோலவும், விழுங்க இயலாததுபோலவும் தோன்றும். வீக்கம் உண்மையில் இல்லை, உணர்ச்சி குன்றியதேயாம். பின்னர் இடப்பக்கமாகப் படுக்கச் செய்து, பற்களுக்கிடையே துளையுள்ள வளையமொன்றை வைப்பர். அகநோக்கி அத்துளை வழியே நாவின்மேற் சென்று தொண்டையை அடையும். அவ்வேளையில் ஒருமுறை விழுங்குமாறு கூறுவர். குமட்டல் வரும். இதனை மறைத்தல் கூடாதென்பது எம் துணிபு. 'ஒன்றும் தெரியாது' என்று முன்னரே பொய்யாக ஆற்றுவிக்கப்பட்டவர், குமட்டல் வந்தவுடன் ஏதோ தவறு நேர்ந்துவிட்டதென்று நடுங்குகின்றார். குமட்டுதல் தொண்டையின் இயல்பு. அது பெரும்பாலும் சில விநாடிகளில் தணியும். உமிழ்நீரை விழுங்க முயலாமல் கடைவாய் வழியே வழியவிடல் வேண்டும். அதனை நாணுதற்கு அங்கே இடமில்லை. துடைப்பதற்கென்றே ஆள் நிற்பார்.

எல்லாவற்றினும் மேலாக அறிய வேண்டுவது, மூச்சு தடைப்படாது என்பதே. மூச்சுக்குழல் வேறு, உணவுக்குழல் வேறு; அகநோக்கி செல்வது பின்னதன்கண். மூக்கினாலோ வாயினாலோ மெல்ல ஆழ மூச்சுவிட்டுக் கொண்டிருந்தால் சோதனை எளிதில் முடியும். உள்ளே மடிப்புக்களை விரித்துக் காண்பதற்காகச் சிறிது காற்றைச் செலுத்துவராதலின், வயிறு உப்பியதுபோல் தோன்றி ஏப்பம் வரும். நோக்குதற்குமட்டும் செய்யப்படும் சோதனை பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடத்துள் முடிந்துவிடும். அந்நேரத்திற் பேச இயலாதாகையால், கையைச் சிறிது உயர்த்தினால் நிறுத்தவேண்டும் என்பதுபோன்ற குறிப்பொன்றைச் செவிலியரோடு முன்னரே பேசி வைத்துக்கொள்ளுதல் பெரிதும் பயன்படும்.

தொண்டை மருந்து மட்டும் போதுமோ, அன்றி அயர்வூட்டும் ஊசியும் வேண்டுமோ என்பது நோயாளர் தம் கருத்தையும் கூறித் தேரற்குரியது. ஊசியின்றிச் செய்துகொண்டால் சிறிது நேரத்தில் வீடு செல்லலாம். தம் அலுவலையும் பார்க்கலாம். ஊசியோடு செய்துகொண்டால் இடர் தெரியாது. நடந்தது நினைவிலும் நில்லாது. ஆயினும் அதன்பின் 24 மணி நேரம் வண்டி ஓட்டுதலும், பத்திரங்களிற் கையெழுத்திடுதலும் கூடா. உடன் அழைத்துச் செல்ல வளர்ந்தவர் ஒருவர் வந்திருத்தலும் வேண்டும். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவனார் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என வைத்திருப்பதை எம் வகுப்பில் பயின்றோம். நான்கனுள் நோயுற்றவனையே முதற்கண் வைத்தார் என்பதும், துணையிருப்போனை ஒரு கூறாகவே எண்ணினார் என்பதும் கருதற்பாலன. ஊசி போட்டபின் தனியே பேருந்தேறிச் செல்வோரைக் காணும்பொழுது அந்நான்காம் கூற்றை நினையாதிருத்தல் அரிது.

ஈண்டு யாம் நேரிற் கண்டதொன்றைக் கூறுதல் பொருந்தும். எம் உறவினராகிய மூதாட்டியார் ஒருவர்க்கு இச்சோதனை செய்யவேண்டி ஓர் ஆஸ்பத்திரிக்கு உடன் சென்றிருந்தோம். கையொப்பத்திற்கென்று அவர்முன் நீட்டப்பட்ட தாள் முழுவதும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அவரோ தமிழ் நாளிதழை நாடோறும் தலைப்பு முதல் இறுதி வரை விடாது படிப்பவர். 'இதிலே என்ன எழுதியிருக்கு ராசா?' என்று எம்மை வினவினார். யாம் விடை கூறுமுன்னரே, 'எல்லாருக்கும் இதேதான் பாட்டி, கையெழுத்துப் போடுங்க' என்று ஊழியர் பேனாவை நீட்டினார். மூதாட்டியார் அஞ்சியது வலியையன்று. குழாய் தொண்டையை அடைத்து மூச்சு நின்றுவிடுமோ என்பதையே. இரு குழல்களும் வேறுவேறு என்று யாம் சொல்லக் கேட்டபின் அவர் முகம் தெளிந்தது. ஆனால் அதனைச் சொல்லவேண்டியவர் தமிழ் வகுப்பு மாணவர் அல்லர். அரை நிமிடத்திற் கூறத்தக்க அச்செய்தியை அன்று காலை அங்கிருந்த எவரும் அவர்க்குக் கூறவில்லை.

இத்தகைய கையொப்பத்திற்குப் பொருளென்ன? 2008ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இதனைத் தெளிவாக்கியுள்ளது. செய்யவிருப்பது யாது, அதன் பயன் யாது, இடர் யாது, மாற்றுவழி உண்டோ, செய்துகொள்ளாவிடின் விளைவது யாது என்பவற்றை நோயாளர் உணருமாறு கூறியபின் பெறப்படும் இசைவே இசைவாம் என்பது அதன் கருத்து. நோயை அறிதற்குத் தந்த இசைவு, நோயைத் தீர்த்தற்குத் தந்த இசைவாகாது. உயிர்க்கு இடர் நேருங்காலை மட்டும் இதற்கு விலக்குண்டு. அகநோக்கிற்கு இவ்வேறுபாடு மிகவும் உரியது. ஏனெனில், நோக்கும் குழாயே செயலாற்றவும் வல்லது. அதன் உள்துளை வழியே சிறு கருவிகளைச் செலுத்தி, குருதி கசியும் இடத்தை அடைக்கலாம். ஈரல் நோயால் வீங்கிய குருதிக்குழல்களுக்கு வளையமிட்டுக் கட்டலாம். சுருங்கிய உணவுக்குழலை விரிக்கலாம். விழுங்கிய காசையோ எலும்பையோ எடுக்கலாம். இவற்றின் இடர் வெறும் நோக்கின் இடரினும் மிக்கது. ஆதலின், 'பார்ப்பதற்கு மட்டுமோ, வேறேதும் செய்யவும் கூடுமோ?' என்று வினவுதல் நோயாளர்க்கு உரிமையாகும்.

இனி, இச்சோதனை யார்க்கு வேண்டும், யார்க்கு வேண்டா என்பதும் ஆராயத்தக்கது. இவ்விடத்தில் நம் மக்கள் இரு திசையிலும் தவறுகின்றனர் என்பது எம் கருத்து. உணவு தொண்டையிலோ மார்பிலோ தங்கிச் செல்லுதல், காரணமின்றி உடல் மெலிதல், குருதி வாந்தியெடுத்தல், மலம் தார்போற் கறுத்தல், ஓயாத வாந்தி, இரும்புச்சத்துக் குறைந்த சோகை, வயது முதிர்ந்தபின் புதிதாகத் தோன்றும் அசீரணம் ஆகியன காலந்தாழ்த்தாது அகநோக்குச் செய்துகொள்ளற்குரிய குறிகள். குருதி வாந்தியும் கறுத்த மலமும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டியவை. குழந்தை பொத்தான் வடிவ மின்கலத்தை விழுங்கி அஃது உணவுக்குழலிற் சிக்கினால், மணிக்கணக்கிற் பொறுத்தலும் ஆகாது; 2 மணி நேரத்துள்ளேயே புண்படுத்தவல்லது அது. ஆனால் நம்மிடையே நிகழ்வது யாது? சோறு இறங்கவில்லையென்று கஞ்சிக்கு மாறி, கஞ்சியும் இறங்கவில்லையென்று நீருக்கு மாறி, 'குழாய்க்கு அஞ்சி' மாதக்கணக்கிற் கழித்தபின் வருவோர் பலர். உணவுக்குழற் புற்றுநோய் தொடக்கத்திற் காணப்படின் தீர்க்கத்தக்கது. நீர் இறங்காத நிலையிற் காணப்படின் மருத்துவர் செய்யக்கூடியது மிகச் சிறிது.

மற்றொருபுறம், இளையோர் சிலர், விருந்துண்ட மறுநாள் நெஞ்செரிந்ததற்கும், தேர்வுக்காலத்தில் உணவு செரியாததற்கும் அகநோக்கை நாடுகின்றனர்; கேட்டவுடன் செய்து தரும் இடங்களுக்கும் குறைவில்லை. மேற்கூறிய அபாயக்குறிகள் இல்லாத இளையோர்க்கு, மூச்சையோ மலத்தையோ சோதித்து முற்கூறிய கிருமி உண்டோ என அறிதலும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சில வாரம் உட்கொண்டு பார்த்தலும் முதற்படியாகக் கொள்ளத்தக்கன என்பது 2017ஆம் ஆண்டில் அமெரிக்க, கனடா நாட்டு வல்லுநர் வகுத்த நெறி. அவர்கள் அகநோக்கிற்குரிய வயதெல்லையை 60 ஆக வைத்தனர். புற்றுநோய் மிகுந்த நாடுகளில் இவ்வெல்லை குறையலாம். இங்கும் நோயாளர்க்கு உதவுவது ஒரு வினாவே: 'இச்சோதனையின் முடிவால் எனக்குத் தரப்போகும் மருந்து மாறுமோ?' மாறாதெனின், இப்பொழுது வேண்டுமோ என்று மேலும் வினவலாம்.

நோயாளர் வினவுவதோடு அமையாது, தாம் கூறவேண்டுவனவும் சில உள. குருதி உறையாதிருக்க உண்ணும் வார்ஃபரின், குளோபிடோகிரல் முதலிய மருந்துகளை முன்னரே தெரிவித்தல் வேண்டும். அவற்றைத் தாமே நிறுத்துதல் மிகத் தீங்கானது. இதயக்குழலில் ஸ்டென்ட் வைத்திருப்போர் மருந்தை நிறுத்தினால், வயிற்றைக் காக்கப்போய் இதயத்தை இழத்தல் நேரும். நீரிழிவுடையோர் பட்டினியிருக்கும் காலையில் இன்சுலினை வழக்கம்போற் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்குவர். ஆதலின் அளவைக் கேட்டறிதல் வேண்டும். நீரிழிவிற்கும் உடற்பருமனுக்கும் வாரந்தோறும் இட்டுக்கொள்ளும் புதிய ஊசிகள் சில, இரைப்பை வெறுமையாதலைத் தாமதிக்கச் செய்வன. 6 மணி நேரப் பட்டினி அவர்க்குப் போதாமற்போகலாம். அமிலங் குறைக்கும் மாத்திரையை உண்டுகொண்டிருந்தால், கிருமி இருந்தும் இல்லையென்று சோதனை காட்டக்கூடும். 2 வாரம் முன்னரே அதனை நிறுத்துமாறு மருத்துவர் கூறுவது இதனாலேயாம். ஆஸ்துமா, இதயநோய், மருந்து ஒவ்வாமை, கருவுற்றிருத்தல் இவற்றை மறைத்தலும் ஆகாது.

சோதனைக்குழாய் முன்னவர் வாயினின்றும் நேரே தம் வாய்க்கு வருகின்றதோ என்னும் அருவருப்பும் ஐயமும் பலர்க்கு உண்டு. வாய்விட்டுக் கேட்பார் சிலரே. ஒவ்வொருவர்க்குப் பின்னும் குழாயின் புறத்தையும் உள்துளைகளையும் துலக்கி, கிருமிகொல்லும் நீர்மத்தில் உரிய நேரம் ஊறவைத்து, கழுவி உலர்த்துதல் உலகெங்குங் கொண்ட விதியாகும். 'இவ்வாறு செய்கின்றீர்களா?' என்று பணிவோடு கேட்பதில் யாதொரு குற்றமுமில்லை. நன்கு செய்வோர் இவ்வினாவிற்குச் சினவார்.

சோதனை முடிந்தபின், தொண்டை மரப்பு நீங்கும்வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஒன்றும் உண்ணாதிருத்தல் வேண்டும். முதலில் ஒரு மிடறு குளிர்ந்த நீரை விழுங்கிப் பார்த்துப் பின்னர் உண்ணலாம். தொண்டை ஓரிரு நாள் கரகரக்கும். பெரிய இடர்களாகிய குடற்சுவர் கிழிதலும் மிக்க குருதிப்போக்கும் நோக்கு மட்டும் செய்யுங்கால் மிக அரியன. சுவர் கிழிதல் சில ஆயிரம் பேருள் ஒருவர்க்கு நேர்வதினும் அரிதென்பர். ஆயினும் கடிய மார்புவலி, வயிற்றுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், கழுத்து வீக்கம், குருதி வாந்தி, கறுத்த மலம் ஆகியவற்றுள் யாதேனும் தோன்றின் விடியும்வரை பொறுத்தலாகாது. எவ்வெண்ணிற்குத் தொலைபேசியில் அழைக்கவேண்டுமென்பதை ஆஸ்பத்திரியை விட்டு வருமுன்னரே எழுதி வாங்கிக்கொள்க.

தசைத்துணுக்கு எடுத்தார் என்றவுடன் 'புற்றுநோயோ!' என்று வீடே கலங்குவதையும் காண்கின்றோம். கிருமியை அறியவும், சத்து உறிஞ்சப்படாமையின் காரணத்தை அறியவும், அழற்சியின் தன்மையை அறியவும் துணுக்கு எடுப்பர். புற்றுநோயை ஐயுற்றும் எடுப்பர். எடுக்கும்பொழுது வலியிராது, இரைப்பையின் உட்படலம் கிள்ளுதலை உணராது. அறிக்கையில் 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்று கண்டு மனமுடைவோரும் உளர். சிறிது சிவந்திருத்தல் என்பதற்கு மேல் அச்சொல் பலவிடத்துப் பொருள்படுவதில்லை. முற்றும் இயல்பாயுளதென்று வரும் அறிக்கையும் உண்டு; அங்ஙனம் வந்தும் அசீரணம் நீங்காதார் பலர். அவர் பொய் கூறுபவரல்லர். இரைப்பையின் இயக்கத்திலும் உணர்ச்சியிலும் உண்டாகும் கோளாறு கண்ணுக்குப் புலனாகாது. அவர்க்கு வேண்டுவது ஆறு மாதத்திற்கொருமுறை மீண்டும் குழாய் அன்று, வேறு சிகிச்சையே.

'இவற்றையெல்லாம் ஒவ்வொருவர்க்கும் கூற எமக்கு நேரமேது? இடரைக் கூறினால் நோயாளர் ஓடிவிடாரோ?' என்று மருத்துவர் கேட்கலாம். அரசு ஆஸ்பத்திரிகளின் புறநோயாளர் வரிசையைக் கண்டவர் முதல் வினாவை எளிதில் தள்ளார், யாமும் தள்ளவில்லை. ஆனால் கூறவேண்டுவோர் மருத்துவரே ஆகவேண்டுமென்பதில்லை. நாள் குறித்துத் தரும் மேசையிலேயே தமிழில் அச்சிட்ட தாளொன்றைத் தந்து, படிக்கவறியாதார்க்கு ஒரு செவிலியர் படித்துக் காட்டினால் பெரும்பகுதி முடிந்துவிடும். இரண்டாவதற்கு எம் விடை வேறு. கூறக்கேட்டு ஓடுவோரினும், கூறாமையால் வாராதிருப்போரே மிகுதியென்று எம் ஊரளவில் யாம் கண்டிருக்கின்றோம். முற்கூறிய மூதாட்டியாரின் அண்டைவீட்டார் மூவர், 'நீ எப்படிப் பொறுத்தாய்?' என்று கேட்க வந்தனர். மூவருக்கும் சோதனை வேண்டுமென்று முன்னரே சொல்லப்பட்டிருந்ததாம்.

அத்தாளை எழுதுவோர் யார் என்பதே எஞ்சியது. இப்பொழுது சிலவிடங்களிற் கிடைக்கும் தமிழ்த் தாள்கள், ஆங்கிலத்தைப் பார்த்து வரிக்கு வரி பெயர்த்தன. தமிழ் சிறப்பாகக் கற்கும் எமக்கே மும்முறை படித்தபின்னரும் பொருள் விளங்காத தொடர்கள் அவற்றில் உள. 'மேல் இரைப்பைக்குடல் பாதை உட்காண் செயல்முறை' என்று தொடங்கும் தாளை எந்த உழவர் படிப்பார்? 'வாய் வழியாகச் சிறு குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் சோதனை' என்றே தொடங்கலாம். அடுத்த வரியிலே மூச்சு அடைக்காது என்று சொல்லிவிடலாம். இக்கல்லூரியில் தமிழ் பயில்வோர் பலர்; இந்நகரிலும் ஆஸ்பத்திரிகள் பல. வரும் விடுமுறையில் மருத்துவர் ஒருவர் இசைவாராயின், அவர் பக்கத்தில் அமர்ந்து ஒரு பக்க அளவில் அத்தகைய தாளொன்றை எழுதித் தர எம் வகுப்பினர் நால்வர் முன்வந்துள்ளனர். எழுதியதை முதலில் மருத்துவரிடமன்று, எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதியோர் ஒருவரிடம் காட்டித் திருத்துவதென்றும் முடிவு செய்துள்ளோம்.